கத்தரிக்காயின் தொப்பிக்குக் கீழே

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் ஆண்டகளூர் கேட் தாண்டித் தூங்காதீர்கள். புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை, மரவள்ளிக் காடு இவற்றுக்கு நடுவில் நிழல்வலை போட்ட நாற்றுப் பண்ணைகளைப் பார்க்கலாம். உள்ளே 98 குழி பிளாஸ்டிக் தட்டுகளில் தென்னைநார்த் தூளை நிரப்பித் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்க்கிறார்கள்.

அப்படி ஒன்றில் நாற்று வாங்க வந்தவர், இருப்பதிலேயே நெட்டையான தட்டைக் காட்டி, "இதையே குடுங்க" என்றார்.

"ஏனுங்க, அந்தக் குட்டையை எடுத்துக்குங்க. இது வெளிச்சம் பத்தாம நெட்டுக்கு எந்திரிச்சதுங்க" என்றார் பண்ணைக்காரர்.

வந்தவர் நம்பவில்லை. விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, நெட்டையையே வாங்கிக்கொண்டு போனார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற புத்தி நாற்றிலும் வந்துவிடுகிறது!

நமக்கு வெளிச்சம் என்றால் வெளிச்சம், அவ்வளவுதான். செடிக்கு அது சாப்பாடும் தபாலும் சேர்ந்த சமாசாரம். இலை சிவப்பையும் நீலத்தையும் ஆசையாய்ச் சாப்பிட்டுவிட்டு, சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத 'தொலைசிவப்பை' வெளியே தள்ளிவிடும். ஆகவே மேலே விழும் வெளிச்சத்தில் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு அதிகமானால், 'பக்கத்தில் எவனோ முட்டிக்கொண்டு நிற்கிறான்' என்று அர்த்தம். உடனே தண்டு நீள ஆரம்பிக்கிறது, வேருக்குப் போகவேண்டிய சத்தைப் பிடுங்கிக்கொண்டு. இந்த இரண்டு சிவப்பையும் எடைபோடும் புரதத்துக்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர். அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சிக்கூடத்தில் 1959-ல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

வெள்ளரி, வெண்டையெல்லாம் வெளிச்சம் பார்த்துத் தலை சாய்க்கிறதே, அது நீலத்தின் வேலை. நீலம் நிறைய கிடைத்தால் செடி குட்டையாக, கெட்டியாக நிற்கும்.

அதற்கும் அப்பால் புற ஊதா. 400 நானோமீட்டருக்குக் கீழே. நமக்குத் தோல் கறுப்பதுபோல, புற ஊதா 'பி' பட்டால் இலையும் தன் மேல்தோலில் ஒரு வகை சாயத்தைப் பூசிக்கொள்கிறது. அந்த எச்சரிக்கையை வாங்கும் புரதம் யூவிஆர்8 என்று 2011-ல்தான் தெரிந்தது. நிழல்வலைக்குள் சொகுசாக வளர்ந்த நாற்றைச் சித்திரை வெயிலில் திடீரென்று நட்டால் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்; பூச்சு பூச அவகாசம் கிடைக்கவில்லை. அதனால்தான் நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினம் கொஞ்ச நேரம் வெயில் காட்டிப் பழக்குகிறார்கள்.

இதில் இரண்டு குழப்பங்களை ஒழித்துவிடலாம். பசுமைக்குடில் ஷீட்டில் 'யூ.வி. ஸ்டெபிலைஸ்டு' என்று போட்டிருப்பது செடிக்காக அல்ல, வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமலிருக்க. அடுத்தது, செடி வளர்க்க என்று விற்கிற ஊதா நிற எல்.இ.டி. விளக்கு. பெரும்பாலும் அது சிவப்பும் நீலமும் கலந்த வெளிச்சம்; புற ஊதாவுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

ஆகவே நாற்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். தண்டு தடிப்பா, கணுக்கள் நெருக்கமா, இலை கரும்பச்சையா, தட்டிலிருந்து உருவினால் வேர் வெள்ளையாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு போகத்து மிளகாய் அதில் இருக்கிறது.

நம்பிக்கை வராதவர்கள் சமையல்கட்டுக்குப் போய் ஊதாக் கத்தரிக்காய் ஒன்றை எடுத்து, காம்போடு ஒட்டிய பச்சைத் தொப்பியை மெல்ல உரித்துப் பாருங்கள். பல ரகங்களில் அடியில் தோல் வெளுத்திருக்கும். வெளிச்சமும் புற ஊதாவும் பட்ட இடத்தில்தான் ஊதா. ஜப்பானில் கத்தரி போடுகிற பசுமைக்குடில்களில் புற ஊதாவைத் தடுக்கும் ஷீட்டைத் தவிர்ப்பார்கள், காய் நிறம் கெட்டுவிடும் என்று.

பார்த்து முடித்ததும் காயை வீட்டம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடவும். சாம்பார் காத்திருக்கும்.