பத்து நாள் வேதனை, அதன் பிறகு?

கொல்கத்தாவின் தெற்கே டாலிகஞ்சுக்கு மெட்ரோ ரயில் வந்தது 1986 ஏப்ரலில். ஏறக்குறைய அதே காலத்தில் அந்த மாநகரின் சந்துகளில் இன்னொன்றும் வேரூன்றியது: பிரவுன் சுகர் எனப்படும் மட்டரக ஹெராயின். வெள்ளித்தாளில் கொட்டி, அடியில் தீக்குச்சியைக் காட்டி, எழும் புகையை இழுத்தார்கள் இளைஞர்கள். 1985லேயே மத்திய அரசு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. சட்டம் விற்பவனைப் பிடித்தது; உபயோகிப்பவனையும் பிடித்தது. வீட்டுப் பாத்திரத்தை விற்றுவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையை யார் தாங்கிப் பிடிப்பது?

அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் கிறிஸ்தவ ஊழியர்கள் முக்கியமானவர்கள். கொல்கத்தாவில் ரெவரெண்ட் விஜயன் பவமணி 1971ல் தொடங்கிய 'கல்கத்தா சமாரிட்டன்ஸ்', மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் அமைப்பாகப் பிறந்து, பின்னர் போதை அடிமைகளிடமும் சென்றது. அவருடைய மனைவி பிரமிளா பவமணியும் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். மும்பையில் பாதிரியார் ஜோ பெரேரா 1981ல் கிருபா அறக்கட்டளையை நிறுவினார். பெரிய அமைப்புகள் ஒருபுறமிருக்க, சிறிய குடும்ப ஊழியங்களும் உண்டு. கணவனும் மனைவியும் குழந்தைகளோடு வாழும் வீட்டிலேயே நாலைந்து பேருக்குப் பாய் விரிப்பார்கள்.

இத்தகைய வீடு எதைச் சாதிக்கிறது? போதையை நிறுத்துவது மட்டும் என்று நினைத்தால் தவறு. ஹெராயினை விட்டவனுக்கு மூக்கும் கண்ணும் ஒழுகும், எலும்பு வலிக்கும், வயிறு கழியும், தூக்கம் வராது. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும் இந்த வேதனை ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். கடினமானது அதற்குப் பின் வரும் மாதங்கள்தான். குறித்த நேரத்தில் எழுவது, சமையலில் கை கொடுப்பது, 'சாப்பிட்டாயா' என்று கேட்க ஓர் ஆள் இருப்பது - இவற்றை எந்த ஆஸ்பத்திரியாலும் எழுதித் தர முடியாது. குடும்பத்தால் முடியும்.

ஆனால் அன்பு மட்டும் போதாது. குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். அங்கே ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். ஹெராயின் அடிமைகளுக்கு நாக்கின் கீழ் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அது மரணங்களைக் குறைக்கிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. பூட்டி வைப்பதும் கட்டிப் போடுவதும் சேவையாகாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன மனநோயாளிகளைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. போதை அடிமைத்தனமும் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. ஞானஸ்நானத்தைச் சோற்றுக்கு நிபந்தனையாக்கினால் அதுவும் சேவையல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை, தேறியவன் மறுபடி விழும்போது வருகிறது. சில மாதங்கள் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு தினமும் எடுத்த அதே அளவே அவனைக் கொன்றுவிடக்கூடும். 'ஆண்டவருக்குத் துரோகம் செய்துவிட்டாய், வெளியே போ' என்று கதவைச் சாத்தும் இல்லம், அவனை அந்த ஆபத்தின் வாயில் தள்ளுகிறது. மறுபடி விழுவதும் இந்த நோயின் ஒரு கட்டமே. அதைப் பாவமென்று தண்டிக்காமல் கதவைத் திறந்து வைப்பதும், உடனே டாக்டரிடம் அழைத்துப் போவதும்தான் குடும்ப ஊழியத்தின் உண்மையான வேலை.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான ஆய்வின்படி, அபின் வகைப் போதையால் உதவி தேவைப்படுகிறவர்கள் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர். சிறிதளவு போதைப் பொருளோடு பிடிபட்டவர் தானாக முன்வந்து, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற சட்டத்திலேயே வழி இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கிறது. சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. டாலிகஞ்சிலோ தாம்பரத்திலோ இப்படியொரு இல்லத்துக்கு வாடகை வீடு கேட்டு வருபவர்களுக்கு, அக்கம்பக்கத்தவர் இன்னொரு கதவைத் திறக்க வேண்டும்.