காத்துக்கும் காசு கொடுங்கய்யா!

ஏர்பிரஷ் வாங்கப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில்தான் வருது. "பிரஷ்ஷை நல்லதா பாத்து வாங்கு. கம்ப்ரஸர் எதுவா இருந்தா என்ன, காத்துதானே?"

இந்த "காத்துதானே"வாலதான் மக்களே, என் மூணு மாச உழைப்பு நாசமாப் போச்சு.

ஃபோம் ஷீட்ல கவர்மெண்ட் பஸ் மாடல் செய்யற கூட்டத்துல நானும் ஒருத்தன். ஊத்தங்கரையில இருந்து எங்க சிங்காரப்பேட்டை வழியா திருவண்ணாமலை போற பஸ்ஸை, ஜன்னல் கம்பி வரைக்கும் வெட்டி ஒட்டினேன். டியூஷன் எடுத்துச் சேத்த காசுல முக்கால்வாசி பிரஷ்ஷுக்கு. மிச்சத்துல டேங்க் இல்லாத குட்டி கம்ப்ரஸர். கடைக்காரர் "இதுவே போதும் தம்பி"ன்னார். பத்து நிமிஷம் நல்லாத்தான் அடிச்சுது. அப்புறம் 'ப்ளிச்'! பெயிண்ட்டோட தண்ணியும் சேந்து வந்து, பச்சை பாடி முழுக்க அம்மைத் தழும்பு.

ஏன்? காத்தை அழுத்தினா சூடாகும். ஆறும்போது அதுல இருக்கற ஈரம் தண்ணியா மாறும். டேங்க் இருந்தா அந்தத் தண்ணி அடியில தங்கும். இல்லன்னா மோட்டார் ஓயாம ஓடிச் சூடேறி, ஈரக் காத்தை நேரா ட்யூபுக்குத் தள்ளும். பம்ப்போட துடிப்பும் கூடவே வரும், கோடு நடுங்கும்.

அதனால என் வாதம் இதுதான்: முதல் காசு மூணு விஷயத்துக்கு. டேங்க் (3 லிட்டர் போதும்), ரெகுலேட்டர், மாய்ஸ்சர் ட்ராப். மிச்சம் இருந்தாதான் பெரிய பிராண்டு பிரஷ். பி.காம். பாஷையில சொன்னா, ஊசியும் நாஸிலும் தேயற சமாச்சாரம், எப்ப வேணா மாத்தலாம். கம்ப்ரஸர்தான் நிலையான சொத்து.

"பஞ்சர் கடை கம்ப்ரஸர் இருக்கே, எதுக்கு தண்டச் செலவு?"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். லாரி டயருக்கு 100 பி.எஸ்.ஐ.க்கு மேல பிடிக்கறாங்க. நமக்கு வேண்டியது 15-லிருந்து 25. ரெகுலேட்டரும் ட்ராப்பும் மாட்டினா அதுலயும் அடிக்கலாம், நான் மறுக்கல. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு அந்தச் சத்தத்தை உங்க வீட்டுல விடுவாங்களா? அதைவிட, "பழைய கேஸ் சிலிண்டரை டேங்கா மாத்திக்கோ"ன்னு யோசனை சொல்ற புண்ணியவான்களை தயவுசெஞ்சு நம்பாதீங்க. வெடிச்சா மாடல் மட்டும் போகாது.

வாங்கினதும் செய்ய வேண்டியது: ட்ராப்பை செங்குத்தா மாட்டுங்க. ட்ரிக்கரை அழுத்திக்கிட்டே பிரஷரை செட் பண்ணுங்க, சும்மா இருக்கறப்ப முள் கூடுதலாத்தான் காட்டும். வேலை முடிஞ்சதும் காத்தை இறக்கி, டேங்க் அடியில வால்வைத் திறந்து தண்ணியை வடிங்க. சோம்பேறித்தனப்பட்டா உள்ள துரு பிடிக்கும். லோ வோல்டேஜ்ல மோட்டார் ஸ்டார்ட் ஆகாம உறுமினா உடனே ஆஃப் பண்ணிடுங்க.

பஸ்ஸை உப்புத்தாள் போட்டுத் தேச்சு வெச்சிருக்கேன். அடுத்த மாச டியூஷன் காசு வரட்டும். இந்த தடவை முதல்ல காத்து, அப்புறம்தான் பச்சை.

டிஸ்கி: பிரஷ்ஷைப் பாத்துப் பொறாமையில எழுதலை. அது என்கிட்டயே இருக்கு. சும்மா பெட்டியில தூங்குது :(