கல், பல், பால்

எங்க தமிழ் வகுப்புல அஞ்சரை வயசுப் பொண்ணு ஒருத்தி இருக்கா. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் அவளுக்கு வயித்துவலி வரும். டெக்சாஸ்ல எம்.எஸ். படிச்சுக்கிட்டே அந்த வகுப்புல நான் உதவி வாத்தியார். சம்பளம்: ஒரு தட்டு இட்லி. வயித்துவலிக்குக் காரணமும் நான்தான். க, கா, கி, கீ வரிசையை அஞ்சு தடவை எழுதச் சொன்னது நானாச்சே!

போன வாரம் இடைவேளையில அவ ஏதோ முணுமுணுத்துக்கிட்டிருந்தா. "கேட்... க் எடு, ம் போடு... மேட்!" கிண்டர்கார்டன்ல சொல்லிக் கொடுத்த விளையாட்டாம். தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 2000-ல் வந்த தேசிய வாசிப்புக் குழு அறிக்கை, வாசிப்புக்கு முக்கியம் என்று சொன்ன ஐந்து விஷயங்களில் இந்த ஒலி விளையாட்டுக்கு அடிப்படையான ஒலியுணர்வும் ஒன்று. எழுத்தோடு சேர்த்துச் சொல்லித் தந்தால் பலன் அதிகமாம்.

சரி, தமிழ்ல ஆடிப் பார்ப்போம்னு "கல்" கொடுத்தேன். "க் எடு, ப் போடு." வாயை அசைச்சுப் பார்த்தா. "பல்!" "இப்ப அ-வை ஆ-வாக்கு." "பால்! அங்கிள், பால்!" (25 வயசுல அங்கிள். விடுங்க.) "கடை"யில வ் போட்டதும் நாலு பசங்க சேர்ந்து "வடை"ன்னு கத்தினாங்க. ஒருத்தன் "டடை"ன்னான். அர்த்தமே இல்லை, ஆனா சரியாத்தான் மாத்தியிருக்கான்.

"விளையாட்டெல்லாம் சரி தம்பி, எழுத்து எப்ப?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: இதுவே எழுத்துதாங்க. 247-ல் 216 உயிர்மெய். அது 18 மெய், 12 உயிர் சேர்ந்து வந்த கணக்கு. கல் பல்லானபோது மெய் மாறியது. பல் பாலானபோது உயிர் மாறியது. இதைக் காதால பிடிச்ச குழந்தைக்கு அட்டவணை புரியும். பிடிக்காத குழந்தைக்கு அது 216 தனித்தனிப் படம். நாம அந்தப் படங்களைத்தான் முதல்ல திணிக்கிறோம். வீட்டுல தமிழ் குறைவாக் கேக்கிற குழந்தை அதுலயே ஓடிப்போயிடுது.

எழுத வேண்டாம்னு சொல்லலை. முதல்ல சொல்லிப் பார்க்கட்டும், மாத்திப் பார்க்கட்டும், அப்புறம் மாத்தினதை எழுதட்டும்.

இந்த ஞாயிறு வயித்துவலி வரலையாம். அடுத்த வாரம் பானை, யானை. இந்த மாதிரி ஜோடி தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க மக்களே, என் சரக்கு தீர்ந்துக்கிட்டே வருது.