பாதி வெந்த பெட்டி, முழு விலை: கிட்டார் ஆம்ப் மாடலர்களை அவசரப்பட்டு விற்கிறார்களா?

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி என்றதும் சுப்பிரமணிய சிவாவும் பாரத மாதா ஆலயமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த ஊர்த் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலடியில் இருக்கும் பெட்டி பாட்டின் நடுவில் உறைந்து நின்றுவிட்டால், பார்த்துக் கொடுக்க பக்கத்தில் ஆள் கிடையாது. பெங்களூருக்கோ சென்னைக்கோ பார்சல் போட வேண்டும். பெட்டி பழுதாகவே இல்லை, கம்பெனி அதை இன்னும் செய்து முடிக்கவில்லை என்றால்? கிட்டார் உலகத்தில் சில வருடங்களாக ஓடும் சண்டை இதுதான்.

முதலில், ஆம்ப் மாடலர் என்றால் என்ன? பழைய வால்வ் ஆம்ப் கனமானது, சூடாகும். சத்தத்தை ஏற்றி வைத்தால்தான் அந்த ராக் கிட்டாரின் கரகரப்பு வரும். மாடலர், அந்த ஆம்ப்பின் நடத்தையைக் கணக்காக மாற்றி ஒரு சிப்பில் ஓட்டுகிறது. கிட்டாரிலிருந்து வரும் சிக்னலைப் பெரும்பாலான பெட்டிகள் நொடிக்கு 48,000 முறை அளந்து, கணக்குப் போட்டு, சில மில்லிசெகண்டுக்குள் ஒலியாகத் திருப்பித் தருகின்றன. கொஞ்சம் தாமதித்தாலும் வாசிப்பவரின் விரலுக்குத் தெரிந்துவிடும். 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' வந்தபோது இந்த வகைப் பெட்டி பிரபலமானது. அன்று வைஃபை அப்டேட் எல்லாம் கிடையாது. கடையில் வாங்கிய அன்று உள்ளே என்ன இருந்ததோ, ஏறக்குறைய அதுதான் பெட்டி.

இன்று நிலைமை வேறு. பின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி நிறுவனம், 2020 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் இசைக் கண்காட்சியில் குவாட் கார்டெக்ஸ் என்ற மாடலரைக் காட்டியது. விலை 1,500 டாலருக்கும் மேல்; இந்தியாவில் வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். தங்கள் கம்ப்யூட்டர் பிளகின்களும் அதே பெட்டிக்குள் ஓடும் என்றது நிறுவனம். வாங்கியவர்களில் பலர் அதை நம்பித்தான் வாங்கினார்கள். பெட்டி 2021-ல் கைக்கு வந்தது. கம்ப்யூட்டரில் வைத்து டோனைத் திருத்தும் செயலி 2023-ல் வந்தது. பிளகின் வசதி 2024-ல்தான் எட்டிப் பார்த்தது, அதுவும் எடுத்தவுடன் எல்லாப் பிளகின்களுக்கும் இல்லை. மூன்று வருடம்! இந்தக் காலத்தில் ஒரு செல்போனே பழசாகிவிடும்.

கிட்டார் வாசிக்காதவர்கள் 'நமக்கென்ன?' என்று நகர வேண்டாம். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி ஆலையில் தயாராகும் ஓலா மின் ஸ்கூட்டரிலும் இதே கதை நடந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகம், டிசம்பரில் டெலிவரி. மேடையில் காட்டிய க்ரூஸ் கன்ட்ரோல், நேவிகேஷன் போன்றவை வண்டியோடு வரவில்லை. அவை 2022 ஜூனில் மூவ்ஓஎஸ் 2 அப்டேட்டில் வந்தன. சர்வீஸ் தாமதம் உள்பட பல விஷயங்களுக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சேர்ந்த 10,644 புகார்களைச் சுட்டி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் ஓலாவிடம் விளக்கம் கேட்டது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்றது நிறுவனம்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மாடலரில் நூற்றுக்கணக்கான ஆம்ப், பெடல், ஸ்பீக்கர் மாதிரிகள். எதை எதோடு இணைத்தால் எங்கே தடுக்கும் என்பதை ஆய்வகத்தில் பத்து பேர் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஆயிரம் மேடைகளில் வாசித்தால்தான் பிழை வெளியே வரும். முழுசாக முடித்துவிட்டுத்தான் விற்போம் என்று காத்திருந்தால் சம்பளம் கொடுக்கக் காசிருக்காது, போட்டிக் கம்பெனி முந்திக்கொள்ளும். அப்டேட்டால் வாங்கியவருக்கு லாபமும் உண்டு. 2015-ல் லைன் 6 ஹீலிக்ஸ் வாங்கியவருக்குப் பல வருடங்கள் புது ஆம்ப்களும் எஃபெக்டுகளும் இலவசமாக வந்தபடி இருந்தன. அன்று கொடுத்த காசுக்கு இன்று கையில் இருப்பது கூடுதல் பெட்டி.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஹீலிக்ஸில் வந்தவை பெரும்பாலும் இனாம். குவாட் கார்டெக்ஸில் தாமதமானது, விற்கும்போதே சொன்ன சரக்கு. பாயசத்தை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி சாப்பாட்டுக்கு முழுக் காசு வாங்குவது மாதிரி. சீக்கிரம் வெளியிடுவதில் தப்பே இல்லை. இல்லாததையும் சேர்த்து இன்றைக்கே விலை போடுவதுதான் தப்பு. 'முடியாத பதிப்பு' என்று பெட்டியிலேயே எழுதி, விலையைக் குறைத்து, விடுபட்ட வசதி எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவோம் என்று சொல்லட்டும். யாரும் சொல்ல மாட்டார்கள். 'விரைவில்' என்ற ஒற்றை வார்த்தை அவ்வளவு வசதி.

இதில் அதிகம் அடிபடுவது சின்ன ஊர் வாசிப்பாளர்தான். பெருநகர ஸ்டூடியோவில் இருப்பவருக்கு மாற்றுப் பெட்டி இருக்கும், நல்ல இணையம் இருக்கும். பாப்பாரப்பட்டி மேடையில் ஜெனரேட்டர் கரண்ட், செல்போன் ஹாட்ஸ்பாட். அப்டேட் பாதியில் கரண்ட் போனால் பெட்டியே படுத்துவிடலாம். கச்சேரிக்கு முந்தைய ராத்திரி அப்டேட் போடவே கூடாது என்பது இதில் பழுத்தவர்கள் எல்லோரும் சொல்வது.

சட்டம் கைகொடுக்குமா? ஓரளவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தன்மை, தரம் பற்றிப் பொய்யான உறுதி தருவதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. தேதி போடாத 'விரைவில்' அதற்குள் சிக்குமா என்பதில்தான் வாதமே இருக்கும். அதனால், இன்றைக்குப் பெட்டிக்குள் என்ன ஓடுகிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். வாங்கும் அன்றே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வையுங்கள். உதவி எண் 1915. வழக்கென்றால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.