அன்னை திறந்த கதவு

கல்வி புகட்டும் பொருட்டுக் கடல் கடந்து செல்வோருக்குப் பிரயாணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, கப்பலை விட்டோ விமானத்தை விட்டோ இறங்கியவுடன் முடிந்துவிடும். புதிய ஊரின் தெருவில் தொடங்கி ஒரு வீட்டின் அடுக்களை வாசல் வரை செல்லும் இரண்டாவது பிரயாணமே நெடியது. அதனை எவரும் தனித்து நடந்து முடிக்க இயலாது. உள்ளிருக்கும் ஒருவர் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். சகோதரி நிவேதிதையின் வாழ்வில் அவ்வாறு கதவைத் திறந்தவர் அன்னை சாரதாதேவியார்.

மார்கரெட் நோபிள் என்னும் இயற்பெயர் கொண்ட நிவேதிதை 1867-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். லண்டனில் பள்ளி நடத்தி நற்பெயர் பெற்றிருந்த அவர், 1895-இல் அங்கே சுவாமி விவேகானந்தரின் உரைகளைக் கேட்டார். பாரத நாட்டுப் பெண்களுக்குக் கல்வி அளிக்கும் பணியில் தம்மை ஈடுபடுத்திக்கொள்ள விரும்பினார். சுவாமிஜி ஆசை வார்த்தை எதுவும் கூறவில்லை. இங்குள்ள வெப்பத்தையும் வறுமையையும், மேனாட்டாரைக் கண்டு விலகும் மக்களின் மனப்பாங்கையும், வசதிகள் ஏதுமற்ற வாழ்க்கையையும் 1897 ஜூலையில் எழுதிய கடிதத்தில் ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். பணியில் வென்றாலும் தோற்றாலும் தாம் துணை நிற்பதாகவும் உறுதியளித்தார். கணவரை இழந்த தாயையும் உடன்பிறந்தோரையும் விட்டுப் பிரிந்து, 1898 ஜனவரி 28-ஆம் நாள் மார்கரெட் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டு மார்ச் 17-ஆம் நாள், உடன் வந்த மேனாட்டுப் பெண்மணிகள் இருவருடன் அன்னையைத் தரிசிக்கச் சென்றார். அக்காலத்தில் அந்தணர் குலத்து விதவை ஒருவர் அந்நிய நாட்டவருடன் அமர்ந்து உண்பது நினைத்தும் பார்க்க இயலாத செயல். உண்டால் அவருடைய கிராமத்து உறவினர் வரை அந்தப் பேச்சு போய்ச் சேரும். இவை யாவும் அறிந்தே அன்னை அம்மூவருடன் அமர்ந்து உணவருந்தினார். வாதம் செய்யவில்லை, சாஸ்திரப் பிரமாணம் காட்டவில்லை, உடன் அமர்ந்து உண்டார், அவ்வளவே. எட்டு நாட்கள் கழித்து, மார்ச் 25-ஆம் நாள், சுவாமிஜி மார்கரெட்டுக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து நிவேதிதை என்று பெயர் சூட்டினார். இறைவன் திருமுன் படைக்கப்படுவதை நிவேதனம் என்கிறோம். அப்பெயரும் அதே பொருளுடையது.

எனினும் பெயர் மாறியவுடன் ஊர் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நவம்பரில் நிவேதிதை பாக்பஜாரில் அன்னையின் இல்லத்திலேயே சில நாட்கள் தங்கினார். தம்மை வீட்டில் வைத்திருப்பதால் அன்னையின் உற்றார் உறவினருக்குச் சங்கடம் நேரக்கூடும் என்பது விரைவில் அவருக்குப் புலனாயிற்று. அன்பைக் காரணம் காட்டி அங்கேயே நிலைத்திருக்க அவர் விரும்பவில்லை. அருகிலேயே, போஸ்பாரா சந்தில் 16-ஆம் எண் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அங்கு வேலைக்கு இசைந்த முதியவள் விதித்த நிபந்தனை, எஜமானி தன் அடுக்களைக்குள் நுழையக்கூடாது என்பதாகும். தம் வீட்டு அடுப்பை நெருங்கவே தமக்கு உரிமையில்லை என்பதை நிவேதிதை சினமின்றி ஏற்றுக்கொண்டார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அது.

1898 நவம்பர் 13-ஆம் நாள், காளி பூஜைத் திருநாளன்று, அன்னை தாமே எழுந்தருளிப் பூஜை செய்து நிவேதிதையின் பெண்கள் பள்ளியைத் தொடங்கிவைத்தார். மாணவியர் தாமாக வந்து சேரவில்லை. பெண் குழந்தைகளை வெளியே அனுப்பத் தயங்கிய குடும்பங்களின் வாசல்தோறும் நிவேதிதை சென்று கேட்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது, ராமகிருஷ்ண மிஷன் துறவியருடன் சேர்ந்து துப்புரவுப் பணியில் இறங்கினார். துடைப்பம் ஏந்தித் தெருவையும் கூட்டினார். கதவுக்குப் பின்னிருந்து பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்னை அவரைக் குழந்தை என்னும் பொருளில் ‘குக்கி’ என்று வங்க மொழியில் செல்லமாக அழைப்பார். ஒருமுறை கம்பளி நூலால் தம் கையாலேயே செய்த சிறு விசிறி ஒன்றை அவருக்கு அளித்தார். அதனைத் தலையிலும் நெஞ்சிலும் ஒற்றிக்கொண்டு நிவேதிதை குழந்தைபோல் மகிழ்ந்தார்.

இவ்வரலாற்றில் மற்றொரு முதியவரையும் நினைவுகூர வேண்டும். குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணரைத் தம் பாலகோபாலனாகவே கண்ட அகோரமணி தேவியார், ‘கோபாலின் தாய்’ என்று போற்றப்பட்டவர். இளமையிலேயே விதவையாகி, ஆசாரத்தில் அணுவளவும் பிறழாது வாழ்ந்தவர். முதுமையில் நோயுற்ற அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது நிவேதிதையின் இல்லத்தில். அவருக்கு ஆசாரப்படி சமைக்க ஓர் அந்தணப் பெண்மணி ஏற்பாடு செய்யப்பட்டார். மற்றப் பணிவிடைகளை நிவேதிதை ஒரு மகளைப்போல் செய்தார். 1906 ஜூலையில் அம்மூதாட்டி இறைவனடி சேரும் வரை அது தொடர்ந்தது. எட்டே ஆண்டுகளுக்கு முன் அந்நியராக வந்து நின்றவரின் வீடு, ஆசாரசீலரான ஒரு தாய்க்கு அடைக்கலமாயிற்று. குடியேறுதல் முழுமை பெறுவது இவ்விடத்தில்தான்: வந்தவர் மற்றொருவருக்கு இடம் கொடுக்கும் நாளில்.

1911 அக்டோபர் 13-ஆம் நாள் டார்ஜிலிங்கில் நிவேதிதை மறைந்தார். வயது 43. அவரைக் குருவாகப் போற்றிய மகாகவி பாரதியார், ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை அவருக்கே சமர்ப்பணம் செய்திருந்தார். பாக்பஜாரில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது.

இன்று நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொலைதூர நாடுகளில் கற்பிக்கச் செல்கின்றனர். அங்கே அவர்களுக்கு யார் சோறிடுவார், யார் வீட்டில் ஒருத்தியாய், ஒருவனாய் நினைப்பார் என்று இங்கே முதியோர் உள்ளம் தவிக்கிறது. மலையடிவாரத்து ராயப்பன்பட்டியிலோ, கம்பம் பள்ளத்தாக்கின் வேறு எந்த ஊரிலோ, பிற மாநிலத்திலிருந்தோ பிற சமயத்திலிருந்தோ ஓர் இளம் ஆசிரியை வந்து வாடகைக்கு வீடு தேடினால், அவளும் அவ்வாறே ஒரு தாய் தவித்து அனுப்பிய மகள் அல்லவா? “எந்த ஊர், என்ன ஆட்கள்?” என்பது நம் முதற்கேள்வியாக இருக்க வேண்டாம். “சாப்பிட்டாயா, அம்மா?” என்று கேட்போம். கோயிலில் நிவேதனம் செய்த பிரசாதத்தில் ஒரு கை அவள் வாசலுக்கும் செல்லட்டும். தூரதேசத்தில் நம் பிள்ளைக்காக ஒரு கதவு திறக்க வேண்டும் என்று அம்பிகையை வேண்டுவோர், தம் வீட்டுத் தாழ்ப்பாளைத் தாமே நீக்கிவைப்பதும் வழிபாடேயாகும்.