எண்ணூறு மீட்டர் நமக்கு ஆகாதா?

நமது விளையாட்டு விழாவில் பெரிய வகுப்பு மாணவியருக்கான 800 மீட்டர் ஓட்டத்தை அடுத்த ஆண்டு முதல் நீக்கிவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. இம்முறை ஓடியவர்களில் இருவர் மயங்கி விழுந்ததே காரணம். பெரியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் அந்த முடிவு சரியன்று என்பதே என் தாழ்மையான கருத்து.

உலக அளவிலேயே இது ஒருமுறை நடந்திருக்கிறது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையுடன் வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்தபின் களைத்துச் சிலர் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படிச் சாய்வதுண்டு. பத்திரிகைகளோ பெண்கள் பாதி வழியிலேயே சுருண்டு விழுந்ததாக எழுதின. போட்டி நீக்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக் வரை 32 ஆண்டுகள், பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் தனி ஓட்டமே இல்லை! பெண்கள் மராத்தான் 1984இல்தான் வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் அந்த 42 கிலோமீட்டரை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி முடித்தார்.

ஆகவே நம்மவர் மயங்கியதற்குப் பெண்ணாய்ப் பிறந்தது காரணமாகாது. நாம் பயிற்சி செய்யும் அழகை எண்ணிப் பாருங்கள், தோழியரே! விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பெயர் கொடுக்கிறோம். முதல் நாளே மூச்சு முட்ட நான்கு சுற்று ஓடுகிறோம். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற முடிவதில்லை. பிறகு நேரே போட்டிதான். பரீட்சைக்கு முதல்நாள் இரவு புத்தகத்தைத் திறப்பவளை ஆசிரியைகள் கண்டிக்கிறார்கள். இதை யாரும் கண்டிப்பதில்லை. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் ஓட்டப் பந்தயத்தை உவமையாகக் காட்டுகிறார். பரிசைப் பற்றிய பகுதிதான் நமக்கு நினைவிருக்கிறது. பந்தயத்துக்குப் பயிற்சி பெறுவோரின் தன்னடக்கத்தையும் அவர் அங்கேயே கூறுகிறார்.

நெடுந்தூரம் ஓடும் வலிமை மெதுவாக ஓடுவதால் வருகிறது. கேட்க வேடிக்கையாக இருக்கும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்நெல்லைப் பயிற்சிக் காலத்தில் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓட வைத்தார். ஸ்நெல் 1960இலும் 1964இலும் அந்தப் போட்டியில் தங்கம் வென்றார். நமக்கு 35 கிலோமீட்டர் வேண்டாம். வாரம் மூன்று நாள், தோழியுடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருபது நிமிடம் போதும். பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம். (வகுப்பில் பேசித் தண்டனை பெறும் நமக்கு இது எளிதுதானே!) சில மாதங்களில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் உறுதிப்பட இன்னும் நாளாகும். மூச்சுதான் பழகிவிட்டதே என்று திடீரெனத் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குக் காலின் முன்னெலும்பில் வலி வருவது இதனால்தான்.

போட்டியன்று விசில் ஊதியதும் 100 மீட்டர் ஓட்டம்போல் பாய்வது அடுத்த தவறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா உலக சாதனை படைத்தபோது முதல் 400 மீட்டரை 49.28 விநாடியிலும், அடுத்ததை 51.63 விநாடியிலும் ஓடினார். வித்தியாசம் இரண்டரை விநாடிகூட இல்லை. நம் மைதானத்தில் முதல் சுற்றில் முன்னால் வந்தவள் கடைசிச் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

மயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பதற்றத்தில் வெறும் காபியோடு வந்து, ஓடுமுன் கை நிறைய குளுக்கோஸ் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். இரண்டு மூன்று மணி நேரம் முன்பு நான்கு இட்லி சாப்பிட்டிருந்தால் அது தேவையே இல்லை. கோட்டைத் தாண்டியதும் சட்டென நின்றால் இரத்தம் கால்களிலேயே தங்கித் தலை சுற்றும். நடந்துகொண்டே இருக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் வருகைக்காக இந்த ஓட்டத்தை மதியம் இரண்டு மணி வெயிலில் வைப்பதையும் சிஸ்டர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மகள் கறுத்துப்போவாள் என்று அஞ்சும் அம்மாக்களுக்கும் காலை வேளை மனநிறைவு தரும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் காலை வழிபாட்டுக்கு முன் அரைமணி நேரம் மைதானத்தில் ஓட அனுமதி தந்தால் போதும். பத்தாம் வகுப்பை முடிக்கும் எங்களுக்கு அதில் பங்கில்லை. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் ஓடட்டும். ஜனவரியில் அவர்கள் ஓடுவதைப் பார்த்த பிறகு, 800 மீட்டரை வைப்பதா நீக்குவதா என்று முடிவு செய்யலாம்.