பாதிக்கப்பட்டவர் மூன்றாம் தரப்பா?

துருக்கியரும் ஆர்மேனியரும் நல்லுறவு கொள்வதற்குப் புலம்பெயர் ஆர்மேனியரே தடை என்பது பலராலும் சொல்லப்படும் வாதம். வாஷிங்டனிலும் பாரிஸிலும் வசதியாக இருந்துகொண்டு தீர்மானங்களுக்காக நாடாளுமன்றங்களை நெருக்குகிறார்கள். 1993இல் மூடப்பட்ட எல்லையின் துன்பத்தைச் சுமப்பவரோ யெரெவானில் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். நியாயம்போல் தோன்றும் இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

நடந்தது என்ன? 2009 அக்டோபர் 10 அன்று சூரிச்சில் இரு நாடுகளும் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டன. அதற்குச் சில நாள் முன்புதான் அதிபர் சர்க்சியான் பாரிஸிலும் பெய்ரூட்டிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் தம் இனத்தவரின் கண்டனத்தை எதிர்கொண்டார். ஆயினும் கையெழுத்திட்டார். பின் தடுத்தது எது? உடன்படிக்கைகளில் ஓரிடத்திலும் இடம்பெறாத கராபாக் சிக்கலை அங்காரா நிபந்தனையாக்கியது. 2010 ஏப்ரலில் ஆர்மேனியா ஒப்புதல் நடைமுறையை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் உடன்படிக்கைகளையே ரத்து செய்தது.

2021 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் பைடன் 1915ஆம் ஆண்டின் கொடுமையை இனப்படுகொலை என்றே அறிவித்தார். புலம்பெயர்ந்தோரின் நெடுநாள் முயற்சிக்குக் கிடைத்த பெருவெற்றி அது. சமரசம் அதனால் செத்துவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இரு நாடுகளும் பேச்சுவார்த்தைக்குச் சிறப்புத் தூதர்களை நியமித்தன. இடையில் மாறியிருந்தது, 2020 போருக்குப் பிந்தைய கராபாக் நிலவரமே.

இதனினும் அடிப்படையான கேள்வி ஒன்றுண்டு. யார் இந்தப் புலம்பெயர்ந்தோர்? எர்சுரூம், சிவாஸ், ஹார்புட் முதலிய ஊர்களிலிருந்து சிரியப் பாலைவனம் நோக்கி விரட்டப்பட்டு உயிர்தப்பியோரின் வழித்தோன்றல்கள் அவர்களில் பலர். அவர்தம் பாட்டனாரின் வீடு இருந்தது ஆர்மேனியக் குடியரசில் அன்று, இன்றைய துருக்கியில். வரலாற்று ஆவணங்களை ஆராய ஒரு துணைக்குழு என்று இரு அரசுகளும் அவர்களைக் கேளாமலே முடிவு செய்தன. வழக்கின் முதல் தரப்பை மூன்றாம் தரப்பாக்கிவிட்டு, அது குறுக்கிடுகிறது என்று குறைகூறுவது என்ன நீதி?

அவர்களிடம் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. துருக்கியன் மீதான வெறுப்பே தம் அடையாளம் ஆகிவிடலாகாது என்று அவர்களை எச்சரித்தவர் இஸ்தான்புல் இதழாசிரியர் ஹ்ராந்த் திங்க். இனப்படுகொலையை மறுப்போரைத் தண்டிக்கும் பிரெஞ்சுச் சட்ட முன்வரைவையும் அவர் எதிர்த்தார். அந்த எச்சரிக்கையை எழுதிய கட்டுரைக்காகவே துருக்கி நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 2007 ஜனவரி 19 அன்று தம் அலுவலக வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சொன்னதைப் புலம்பெயர்ந்தோர் கேட்டாக வேண்டும். ஆனால் அதைச் சொல்லிக்காட்டும் தகுதி அங்காராவுக்கு இல்லை.

2023 பிப்ரவரி நிலநடுக்கத்தின்போது மார்காரா பாலம் திறந்து, ஆர்மேனிய நிவாரண லாரிகள் துருக்கிக்குள் சென்றன. மறந்தால்தான் கதவு திறக்கும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. இனியும் கேட்கலாகாது.